94-ஐத் தாண்டாத நெட்

மாடியில் நெட் மெதுவாக இருக்கிறது என்ற புகாரை நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். பாதி சோம்பல். மீதிப் பாதி, ஸ்பீடு டெஸ்ட் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வந்தது: 61, 88, 40, 92, 79. எதை நம்புவது என்று தெரியாமல் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன். அணைத்துப் போட்டால் பத்து நிமிடம் நன்றாக இருக்கும். நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பதுதான் சரி.

வீட்டு அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது குழப்பும். கீழே கூடத்தில் ஃபைபர் வந்து ஒரு சின்னப் பெட்டியில் முடிகிறது. பக்கத்திலேயே ரவுட்டர். அங்கிருந்து ஒரு ஈத்தர்நெட் கேபிள் சுவருக்குள் பைப் வழியாக மாடிக்குப் போகிறது. வீடு கட்டும்போதே இழுத்துவிட்டது. மாடியில் அது ஒரு சுவர் சாக்கெட்டில் வந்து நிற்கும். சாக்கெட்டிலிருந்து, ஒரு வயரைப் பல கருவிகளுக்குப் பகிரும் ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்றுக்கு, சுவிட்சிலிருந்து ஒரு வயர் என் கணினிக்கு, இன்னொன்று மாடி வைஃபைக்காக வைத்திருக்கும் பழைய ரவுட்டருக்கு. எங்கள் இணைப்பு டவுன்லோடு 300 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), அப்லோடு 20.

புகார்கள் இரண்டு. மாடியில் எதை இறக்கினாலும் நேரம் பிடிக்கிறது என்பது என்னுடையது. சாயங்காலம் ஆனால் வீடியோ கால் உறைந்துவிடுகிறது என்பது மகளுடையது. இரண்டும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. நான்கு மாதத்தில் ஒன்றும் உருப்படாததற்குக் காரணமும் அதுவே.

வீணாய்ப் போன வேலைகள்

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றினேன், பிறகு 8.8.8.8. பக்கங்கள் திறக்க ஆரம்பிக்கும் அந்த முதல் நொடி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் முகவரியைத் தேடிக் கொடுக்கும் வேலை. முகவரி கிடைத்த பிறகு சரக்கு எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தெரிந்தேதான் செய்தேன். கை சும்மா இருக்காதே.

அப்புறம் வைஃபை சேனலை மாற்றினேன். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து அலமாரி மேல் வைத்தேன். அது உண்மையிலேயே கொஞ்சம் உதவியது, ஆனால் கீழ்த்தளத்துக்கு மட்டும்.

இணைப்பு கொடுக்கும் நிறுவனத்தை இரண்டு முறை அழைத்தேன். இரண்டாம் முறை ஒருவர் நேரில் வந்தார். தன் லேப்டாப்பைக் கீழே ரவுட்டரில் வயர் மூலம் சொருகினார், டெஸ்ட் போட்டார், 308 என்று திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “லைன் ஓகே சார், உங்க வீட்டு வைஃபைதான் பிரச்சினை” என்றார். கிளம்பிப் போய்விட்டார். தட்டிக்கழிக்கிறார் என்று எனக்கு ஒரே கடுப்பு. யோசித்துப் பார்த்தால், இந்தக் கதையிலேயே முறையாக அளந்த முதல் ஆள் அவர்தான். ஃபைபரிலிருந்து ரவுட்டர் வரை பழுது இல்லை, பழுது ரவுட்டருக்கு இந்தப் பக்கம் என்று இரண்டு நிமிடத்தில் நிரூபித்துக் காட்டிவிட்டுப் போயிருந்தார். கோபத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

நோட்டுப் புத்தகம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய நோட்டு ஒன்றை எடுத்து நான்கு பத்தி கோடு போட்டேன்: எங்கே, வயரா வைஃபையா, டவுன்லோடு, அப்லோடு. ஒவ்வோர் இடத்திலும் மூன்று தடவை டெஸ்ட். தலைக்குள் வைத்திருந்தபோது குப்பையாகத் தெரிந்த எண்கள், வரிசையாக எழுதியதும் பேச ஆரம்பித்தன.

கீழே, வயர்: 306, 308, 305. கீழே, வைஃபை, ரவுட்டருக்கு எதிரே: 280, 291, 266. மாடி, வைஃபை: 79, 88, 61. மாடி, வயர்: 94.1, 94.2, 94.1.

கடைசி வரியைப் பாருங்கள். நெரிசலான வழியில் வரும் எண் மேலும் கீழும் ஆடும். காற்றில் வரும் எண் இன்னும் ஆடும். இது ஆடவே இல்லை. எதிலோ போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. மாடி வைஃபையின் எண்களும் எத்தனை முறை போட்டாலும் 94-ஐத் தாண்டியதில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

94 என்பது சும்மா வந்த எண் அல்ல. வயரில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலத்துக்குள் 1500 பைட் வைக்கலாம். அதை வயரில் அனுப்ப முன்னும் பின்னும் ஆகிற செலவு 38 பைட்: தலைப்பு 14, சரிபார்ப்புக்கு 4, தொடக்க அடையாளம் 8, அடுத்த பொட்டலம் வரை விட வேண்டிய இடைவெளி 12. ஆக வயரில் பிடிக்கும் இடம் 1538. அந்த 1500-க்குள்ளும் ஐபி தலைப்பு 20, டிசிபி தலைப்பு 20, நேரக்குறி 12 போனால் உண்மையான சரக்கு 1448. 1448-ஐ 1538-ஆல் வகுத்தால் 0.9415. அதாவது 100 எம்பிபிஎஸ் வயரில் முழு மூச்சாக அனுப்பினாலும் கையில் கிடைப்பது 94.1. என் நோட்டில் இருந்த அதே எண்.

இடையில் ஒரு சின்ன விஷயம். ஃபைல் இறக்கும்போது பிரவுசர் காட்டும் வேகம் பெரும்பாலும் மெகாபைட்டில் இருக்கும், நமக்கு விற்கும் வேகம் மெகாபிட்டில். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். 300 எம்பிபிஎஸ் வாங்கினால் டவுன்லோடு ஜன்னலில் 37 சொச்சம்தான் அதிகபட்சம் தெரியும், அது நியாயமான எண்தான். எனக்கு மாடியில் 11 சொச்சத்தில் நின்றது. 94-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள். இத்தனை மாதமாகத் துப்பு அந்த ஜன்னலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

100-இல் நிற்கும் இடம் எது?

கணினியில் இணைப்பு வேகம் பார்த்தேன். 1000 என்று காட்டியது. இங்கே அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது: கணினி காட்டுவது அடுத்த கருவி வரையிலான வேகம் மட்டும். என் கணினிக்கு அடுத்த கருவி மேஜை மேலிருக்கும் சுவிட்ச். அதுவரைக்கும் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ்தான். சுவிட்சைத் தாண்டி சுவருக்குள் நடப்பது கணினிக்கு எப்படித் தெரியும்?

சுவிட்சைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை நேரே சுவர் சாக்கெட்டில் சொருகினேன். லினக்ஸில் ஈத்டூல் கட்டளை கொடுத்தால் வேகம் என்ற வரியில் பளிச்சென்று 100. விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் ஜன்னலிலும் இதே எண் தெரியும். இன்னொன்றும் கவனித்தேன். சொருகியவுடன் விளக்கு எரியவில்லை. அணைந்து, மினுக்கி, மறுபடி அணைந்து, சில வினாடி கழித்துத்தான் நிலைத்தது. கீழே நேராகச் சொருகியபோது இந்தத் தடுமாற்றம் இல்லை.

மாடிப் பக்கத்துப் பேட்ச் கார்டை, அதாவது சாக்கெட்டில் சொருகும் குட்டை வயரை, மாற்றினேன். 100. கீழ்ப் பக்கத்துக் கார்டை மாற்றினேன். 100. ரவுட்டரில் வேறு போர்ட். 100. மிச்சம் இருப்பது சுவருக்குள் போகும் கேபிளும் அதன் இரண்டு முனைகளும்தான்.

கேபிள் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்கினேன். இரண்டு துண்டாக இருக்கும் சின்ன டப்பா. ஒன்றை இந்த முனையிலும் மற்றொன்றை அந்த முனையிலும் சொருகினால், எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு வரிசையாக எரியும். கேபிளின் இரு முனைகளையும் எல்லாக் கருவியிலிருந்தும் கழற்றிவிட்டுத்தான் இதைச் சொருக வேண்டும், வயரில் மின்சாரம் அனுப்பும் சுவிட்சில் இணைந்திருந்தால் டெஸ்டர் போய்விடும். மகளை மாடியில் உட்கார வைத்துவிட்டு நான் கீழே.

“ஒண்ணு எரியுதா?”

“எரியுது.”

“ரெண்டு?”

“எரியுது. மூணும் எரியுது. நாலு இல்லப்பா. அஞ்சு எரியுது.”

மூன்று சுற்று ஓடவிட்டோம். மூன்றிலும் நான்கு இருட்டு. இங்கே கம்பிகள் பி என்ற வண்ண வரிசையில் இருக்கின்றன: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நான்காவது நீலம்.

ஒரு கம்பி அறுந்தும் நெட் ஏன் வந்துகொண்டிருந்தது? 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நான்கு ஜோடியிலும் ஒரே நேரத்தில் இரு பக்கமும் சிக்னல் போகும். இதில் வேடிக்கை என்னவென்றால், என்ன வேகத்தில் பேசலாம் என்று இரண்டு கருவிகளும் பேரம் பேசுவது அந்த 1, 2, 3, 6 வழியாகத்தான். அங்கே எல்லாம் சரியாக இருப்பதால் இரண்டும் ஜிகாபிட் என்று கைகுலுக்கிக்கொள்கின்றன. பேச ஆரம்பித்தால் நீல ஜோடியில் பதில் இல்லை. மறுபடி முயல்கின்றன, மறுபடியும் இல்லை. சில தடவை தோற்ற பிறகு, சரி 100-இலேயே ஓட்டுவோம் என்று இறங்கிவிடுகின்றன. விளக்கு சில வினாடி தடுமாறியது இதனால்தான். எல்லாக் கருவியும் இப்படி இறங்கிவராது. சிலவற்றில் இணைப்பே ஏற்படாது. எனக்கு அப்படி ஆகியிருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன். பாதி வேலை செய்யும் பழுதைப் போலத் தொல்லை வேறில்லை.

நீலக் கம்பி

மாடிச் சாக்கெட்டின் மூடியைக் கழற்றினேன். முதல் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. எட்டுக் கம்பியும் அதனதன் பிளவில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, சின்னச் சாமணத்தால் ஒவ்வொரு கம்பியையும் லேசாக மேல்நோக்கி இழுத்துப் பார்த்தேன். ஏழு அசையவில்லை. நீலம் மட்டும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. பிளவின் கத்தி போன்ற உலோக விளிம்பு தோலை வெட்டிய அதே இடத்தில், தோலுக்குள் கம்பி ஒடிந்திருக்கிறது. தோல்தான் அதைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் ஆகாத மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

ஒடிந்த முனையை பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். அதாவது செம்புக் கம்பி இல்லை, செம்பு பூசிய அலுமினியம். செம்பைப் போல வளைந்து கொடுக்காது. கொஞ்சம் முறுக்கினாலும், பிளவில் அழுத்தும்போது ஒரு கீறல் விழுந்தாலும், காலப்போக்கில் ஒடிந்துவிடும். கேபிளின் உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் முனையைச் சுரண்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இழுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதை நான் இழுத்துப் பல வருடம் கழித்துப் பார்த்தேன்.

சுவருக்குள் கையளவு கேபிள்தான் உபரியாக இருந்தது. இரண்டு முறை தப்பு செய்தால் கேபிள் தீர்ந்துவிடும். பழைய முனையை விரல் நீளத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு, உறையை உரித்து, புது ஜாக்கில், அதாவது சாக்கெட்டுக்குள் கம்பிகளைப் பிடிக்கும் துண்டில், கம்பிகளை வைத்தேன். முறுக்கிய ஜோடியைப் பிரிப்பதில் கை தாராளமாக இருக்கக் கூடாது. பிளவுக்கு 13 மில்லிமீட்டர் தூரம் வரை முறுக்கு அப்படியே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் சத்தம் உள்ளே வராமல் காப்பது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நீளமாகப் பிரித்து, சீப்பு மாதிரி வரிசையாக வைப்பது பலர் செய்யும் தப்பு.

நான் செய்த தப்பு வேறு. ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு வண்ண வரிசை அச்சிட்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தில் ஏ வரிசையைப் பார்த்து அழுத்திவிட்டேன். டெஸ்டர் போட்டால், “அப்பா, ஒண்ணுக்குப் பதிலா மூணு எரியுது” என்றாள். கீழே பி, மேலே ஏ. ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறிவிட்டன. இன்றைய ஜிகாபிட் கருவிகள் பெரும்பாலும் இதைத் தாமே கண்டுபிடித்துச் சமாளித்துக்கொள்ளும். அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பின்னாளில் இதைத் திறக்கப்போகும் ஆள் என்னைத் திட்டுவார், அந்த ஆள் பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். மறுபடி வெட்டி, பி வரிசையில் அழுத்தினேன். உபரி இப்போது இரண்டு விரல் அகலம்.

எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. சுவிட்சைச் சொருகினேன், விளக்கு தயங்காமல் நின்றது. ஸ்பீடு டெஸ்ட்: 306. மாடி வைஃபை 240-க்கு ஏறியது.

நோட்டில் தேதி போட்டு “முடிந்தது” என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அன்று சாயங்காலம் ஏழு மணிக்குக் கீழேயிருந்து குரல். “அப்பா, மறுபடியும் நின்னுடுச்சு!”

இரண்டாவது நோய்

ஓடிப்போய் டெஸ்ட் போட்டேன். 301. வீடியோ காலில் மகளின் தோழி வாயைத் திறந்தபடி சிலையாக நிற்கிறாள். 300 வந்துகொண்டிருக்கும்போதே கால் உறைகிறது என்றால், நான் அளப்பது தப்பான பொருளை.

வேகம் என்பது ஒரு நொடிக்கு எவ்வளவு வருகிறது என்பது. தாமதம் என்பது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பது. படம் பார்க்க முதலாவது போதும். பேசுவதற்கு இரண்டாவது வேண்டும். ஒரு லாரி நிறையக் கடிதம் நாளை வரும் என்றால் அதை வைத்து உரையாட முடியாது.

லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்தேன். ஒன்றில் ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, நிற்காமல் பிங், அதாவது போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் சின்னச் செய்தி. இன்னொன்றில் வீட்டுக்கு வெளியே இருக்கும் 1.1.1.1-க்கு. முதலாவது 1 மில்லிசெகண்ட், இரண்டாவது 9. பேசாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மணி வாக்கில் இரண்டாவது ஜன்னல் 9, 9, 10, 140, 388, 570, 612, 598 என்று ஏறி அங்கேயே நின்றது. முதல் ஜன்னல் 1-இல் அசையாமல் இருந்தது. ஆக வைஃபை குற்றவாளி இல்லை. ரவுட்டருக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து வெளியே போகும் வழியில் ஏதோ தேங்குகிறது.

வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. சார்ஜரில் போட்ட இரண்டு போன்கள் மட்டும், சார்ஜும் வைஃபையும் கிடைத்த சந்தோஷத்தில், அன்றைக்கு எடுத்த வீடியோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தன. பேக்கப்பை நிறுத்தினேன். பிங் 9. ஓடவிட்டேன். 600. நிறுத்தினேன். 9. சந்தேகத்துக்கே இடமில்லை. சாயங்காலம் ஊரே நெட் பார்ப்பதால் நெரிசல் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். நெரிசல் என் வீட்டுச் சார்ஜரில் இருந்தது.

இதற்குப் பெயர் பஃபர்புளோட். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010-ஐ ஒட்டித் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு நொந்து, விடாமல் எழுதிப் பேசி உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். விஷயம் எளிது. வெளியே போகும் வழி 20 எம்பிபிஎஸ். போன் அதைவிட வேகமாகத் தள்ளுகிறது. மிச்சத்தைத் தூக்கி எறியாமல் பெட்டி ஒரு வரிசையில் நிறுத்திவைக்கிறது. அந்த வரிசை 1000 பொட்டலம் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ஆயிரம் பெருக்கல் 1500 பைட், 12 மெகாபிட். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் அதைக் கரைக்க 0.6 வினாடி. என் பிங் ஜன்னலில் நின்ற 600 அதுதான். என் மகளின் குரல் அடங்கிய குட்டிப் பொட்டலம், முன்னால் நிற்கும் ஆயிரம் வீடியோத் துண்டுக்குப் பின்னால் போய் நின்று, முறை வரும்வரை காத்திருக்கிறது.

டவுன்லோடுக்கும் இதில் அடி உண்டு. வருகிற சரக்குக்கெல்லாம் “வந்து சேர்ந்தது” என்று பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதிலும் இதே வரிசையில்தான் நிற்கும். பதில் வராமல் எதிர்முனை அடுத்த சரக்கை விடாது. அப்லோடுதான் நிரம்பியிருக்கிறது, ஆனால் நாம் பார்ப்பது பக்கம் திறக்காத பிரவுசரை.

பேக்கப்பை நள்ளிரவுக்கு ஒத்திவைப்பது முதல் வைத்தியம். ஒரு போனில் முடிந்தது, இன்னொன்றின் செயலியில் அந்த வசதியே இல்லை. எப்படியும் நாளைக்கு யாராவது ஒரு பெரிய ஃபைலை அனுப்பினால் கதை மறுபடி ஆரம்பிக்கும்.

நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் க்யூஓஎஸ் என்று ஒரு பக்கம் இருந்தது. எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று டிக் செய்யும் வசதி. மகளின் லேப்டாப்பை டிக் செய்தேன். பிங் 600-இலேயே இருந்தது. வரிசை உருவாவது ரவுட்டருக்கு வெளியே, ஃபைபர் பெட்டியில். அந்த வரிசையை ஒழுங்குபடுத்த ரவுட்டர் யார்?

வழி, வரிசையையே நம் கைக்குள் கொண்டுவருவது. ரவுட்டர் தானாக, வெளிவழியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே அனுப்ப வேண்டும். அப்போது ஃபைபர் பெட்டியில் எதுவும் தேங்காது, தேங்குவது ரவுட்டரில் தேங்கும், அங்கே நம் விதி செல்லும். அந்த விதிக்கான நல்ல வழிமுறைகள் தயாராக இருக்கின்றன. கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள்: வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பொட்டலம் அதில் எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்ப்பது. நிற்கும் நேரம் 5 மில்லிசெகண்டுக்குக் கீழே வராமல் 100 மில்லிசெகண்ட் நீடித்தால் ஒரு பொட்டலத்தைக் கைவிட ஆரம்பிக்கும், அதைப் பார்த்து அனுப்புகிறவர் தானாக வேகத்தைக் குறைப்பார். அதோடு ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து மாற்றி மாற்றி விட்டால், குரல் பொட்டலம் பேக்கப்புக்குப் பின்னால் நிற்கவே வேண்டாம். எஃப்க்யூ-கோடெல், கேக் என்பவை இப்படிப்பட்டவை.

மாடியில் வைஃபைக்காக வைத்திருந்த பழைய ரவுட்டர், ரவுட்டர்களுக்கான இலவச மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி-யை ஏற்கும் ரகம். அதில் அந்த மென்பொருளை ஏற்றி, இரண்டு ரவுட்டரையும் இடம் மாற்றினேன். பழையது கீழே ஃபைபர் பெட்டியின் பக்கத்தில். நிறுவனம் கொடுத்தது மாடியில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபி-யை அணைத்து வெறும் வைஃபை புள்ளியாக. இணைப்பின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தெரியாமல் இதை ஆரம்பிக்காதீர்கள். நான் கழற்றிய பிறகு கேட்கப் போய், ஒரு மணி நேரம் வீட்டில் நெட் இல்லை.

இந்த வரிசை வேலையைச் செய்யும் எஸ்க்யூஎம் என்ற பொதியை நிறுவி, கேக்கைத் தேர்ந்தெடுத்து, அப்லோடு வேகம் 18 என்று அடித்தேன். 20-இல் தொண்ணூறு சதவீதம். சேமி. வீடு முழுக்க மௌனம். எந்தப் பக்கமும் திறக்கவில்லை, பிங் நான்கு இலக்கத்துக்குப் போய்ப் பிறகு நின்றே போனது. அந்தக் கட்டம் கேட்டது கிலோபிட்டில். நான் வீட்டுக்கே நொடிக்கு 18 கிலோபிட் அளந்து கொடுத்திருக்கிறேன். 18000 என்று திருத்தினேன், உயிர் வந்தது.

டவுன்லோடுக்கு 270000. இங்கே பழைய ரவுட்டரின் வயது தெரிந்தது. அப்படியே கடத்துவது என்றால் 300-ஐச் சமாளித்த பெட்டி, ஒவ்வொரு பொட்டலத்தையும் எண்ணி வரிசையில் நிறுத்தச் சொன்னதும் 140-இல் மூச்சு வாங்கியது. டாப் கட்டளையில் பார்த்தால் சிபியூ முழுக்க அதிலேயே கரைந்துகொண்டிருந்தது. டவுன்லோடு கட்டத்தில் 0 போட்டேன். 0 என்றால் அந்தப் பக்கம் கட்டுப்பாடு வேண்டாம் என்று பொருள். டவுன்லோடு முழுதாக நிரம்பினால் பிங் 40-க்கு ஏறுகிறது. அது பரவாயில்லை, என் தொல்லை அப்லோடில் இருந்தது.

இரண்டு போனிலும் பேக்கப்பை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பிங்கைப் பார்த்தேன்: 12, 14, 11, 13, 14. போன 600 இல்லை. அப்லோடு 20-க்குப் பதில் 17 சொச்சம். இந்த இரண்டு சொச்சத்தைக் கொடுத்து அந்த 600-ஐ விரட்டியதில் எனக்கு வருத்தமில்லை.

வைஃபையில் செய்த சில்லறை வேலைகளும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸிலிருந்து 20-க்குக் குறைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 1, 6, 11 சேனல்களில் கீழே 1, மாடியில் 11 என்று வைத்தேன். மாடிக்குப் போன பிறகும் போன்கள் கீழ் ரவுட்டரையே மைனஸ் 78 டிபிஎம் என்ற பலவீனமான சிக்னலில் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஒலிபரப்பும் வலிமையைச் சற்றுக் குறைத்ததும் விட்டுவிட்டன.

“முடிந்தது” என்று அடிக்கோடிட்ட வரியை அடித்துவிட்டு அதன் கீழே இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். ஒன்று, கீழ்ச் சாக்கெட்டையும் திறந்து எட்டுக் கம்பியையும் சாமணத்தால் இழுத்துப் பார்ப்பது. இரண்டு, சுவருக்குள் இருக்கும் அலுமினியக் கேபிளைப் பிடுங்கிவிட்டு முழுச் செம்புக் கேபிள் இழுப்பது. பழையதன் முனையிலேயே புதியதைக் கட்டி இழுக்க முடியுமா, பைப்பில் எத்தனை வளைவு என்று பார்க்க வேண்டும். மேலே இனி வெட்ட இரண்டு விரல்தான் மிச்சம்.